வாடகை பாக்கிக்காக வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். எங்கே உதவி கேட்பது?

மூன்று மாத வாடகை பாக்கி, இந்த வாரத்துக்குள் காலி செய்யாவிட்டால் சாமான்களைத் தெருவில் வைத்துவிடுவேன் என்று வீட்டுக்காரர் மிரட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் இருப்பதாகச் சொல்வதால் இங்குள்ள சட்டத்தை வைத்தே பதில் சொல்கிறேன்.

அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்களோ என்று பயந்து இரவோடு இரவாகக் கிளம்பிவிடாதீர்கள். வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு இல்லாமல் உங்கள் சாமான்களில் கைவைக்க வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை. வாய்ப்பேச்சில் குடிவந்தவர்களுக்கும் இது பொருந்தும். ஆனால் எழுத்து ஒப்பந்தம் இல்லாததையே காரணமாகக் காட்டி உங்களை வெளியேற்ற அவர் மனுப் போட இடமுண்டு; அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின்படி, இரண்டு மாத வாடகை நிலுவையானதும் வீட்டுக்காரர் முறைப்படி நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள் பாக்கியை வட்டியோடு கட்டிவிட்டால், பாக்கியைக் காரணம் காட்டி உங்களை வெளியேற்ற உத்தரவிட முடியாது. அவரிடம் கட்ட முடியாவிட்டால் வாடகை நீதிமன்றத்தில் செலுத்தலாம். ஒருமுறை இப்படித் தப்பித்த பிறகு ஓராண்டுக்குள் தொடர்ந்து இரண்டு மாதம் தவறினால் இந்தப் பாதுகாப்பு மறுபடி கிடைக்காது.

எங்கள் வீட்டிலும் இந்த நிலைமை வந்தது. கணவர் காலில் அடிபட்டு வேலைக்குப் போக முடியாமல் வாடகை நின்றபோது, வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிட்டார். கைக்குழந்தை உள்ள வீட்டில் தண்ணீரை நிறுத்தியதை நினைத்தால் இன்றும் கொதிக்கிறது. நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், அங்கே வழக்கறிஞர் இலவசம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படியே; மற்றவர்களில் பலருக்கு வருமான வரம்பு உண்டு. பாக்கி இருந்தாலும் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி அவர். உங்கள் பகுதிக்கு யார் என்று கலெக்டர் அலுவலகத்தில் கேளுங்கள். எங்களுக்கு அதற்குத் தேவை வரவில்லை. வழக்கறிஞரின் கடிதம் போனதும் மோட்டார் ஓடியது.

பிறகு ஆணைக்குழுவிலேயே இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசினார்கள். அட்வான்ஸில் ஒரு பகுதியைக் கழித்து, மீதியைத் தவணையாகக் கட்ட வீட்டுக்காரர் சம்மதித்தார். நோட்டீஸ் வரும்வரை காத்திராமல் இதை நீங்களும் கேட்கலாம். ஆனால் சமரசத்துக்காக ஆணைக்குழு நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) கையெழுத்திடும் சமரசத்துக்கு நீதிமன்றத் தீர்ப்பின் வலிமை உண்டு. அதன்மேல் அப்பீல் கிடையாது. ஆகவே உங்களால் கட்ட முடியாத தவணைக்கோ, காலி செய்ய முடியாத தேதிக்கோ அந்த நேரத்துச் சங்கடத்தில் தலையாட்டிவிடாதீர்கள். யோசிக்க நாள் கேளுங்கள்.

கெஞ்சிக் கேட்கிறேன், பாக்கியை அடைக்கக் கந்துவட்டிக்கு மட்டும் போகாதீர்கள். வீட்டுக்காரரிடமாவது தவணை பேசலாம். தினவட்டிக்காரரிடம் அது நடக்காது. தமிழ்நாட்டில் 2003 முதல் அதற்குத் தடைச்சட்டம் இருந்தும், வாடகைக்காக அதில் சிக்கிய குடும்பங்களை நான் அறிவேன்.

இனி வாடகையை வங்கி வழியாகவோ கூகுள் பே வழியாகவோ மட்டும் கொடுங்கள். கையில் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். அவர் வாங்க மறுத்தால் மணியார்டர் அனுப்பி அதன் சீட்டை வைத்திருங்கள். நோட்டீஸ் வந்தால் உறையையும் பத்திரப்படுத்துங்கள், ஒரு மாதக் கணக்குக்கு அந்தத் தேதி தேவைப்படும். நேரில் போக முடியாவிட்டால் 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்கு இன்றே பேசுங்கள். அதற்குள் அவர் ஆட்களோடு வந்து பூட்டை உடைத்தால் 100-ஐ அழைத்துவிட்டு, நடப்பதை வீடியோ எடுங்கள்.