மென்பொருள் வகுப்புக்குப் பணம் கட்டும் முன் வீட்டில் ஓர் அறையை அளக்கட்டும்

மகள் பிளஸ் டூ முடிக்கப் போகிறாள், இன்டீரியர் டிசைன் படிக்க ஆசைப்படுகிறாள், ஆனால் படம் வரைய அவ்வளவாக வராது, கணினியில் முப்பரிமாண மாடல் செய்யும் ஸ்கெட்ச்அப் மென்பொருள் வகுப்பில் சேர்த்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். இந்தத் துறைக்கு அழகாக வரையும் கை அவசியமில்லை. சரியாக அளக்கும் கையும் அளவை விட்டு விலகாத கோடும்தான் வேண்டும். அவை அவளுக்குப் பிடிக்கிறதா என்று வீட்டிலேயே ஒரு மாதத்தில் தெரிந்துகொள்ளலாம்.

அவளுடைய அறையையே எடுத்துக்கொள்ளட்டும். 12-க்கு 10 அடி என்று வைத்துக்கொள்வோம். 5 மீட்டர் டேப்பால் நான்கு சுவர்களையும் இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். எதிரெதிர்ச் சுவர்கள் சமமாக இருந்தும் மூலைவிட்டங்கள் சமமாக இல்லையென்றால், அறை மூலைமட்டத்தில் இல்லை, அதாவது மூலைகள் சரியான செங்கோணமாக இல்லை என்று பொருள். நம் வீடுகளில் இது சகஜம். ஜன்னல் அடிமட்டம், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலுள்ள விட்டம்) உயரம், சுவிட்ச் போர்டு இருக்கும் இடம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, 1:20 அளவில் (நிஜத்தில் 20 செ.மீ., தாளில் 1 செ.மீ.) மேலிருந்து பார்க்கும் பிளானும், அறையைச் செங்குத்தாக வெட்டிப் பார்ப்பதுபோன்ற ஒரு செக்‌ஷனும் வரையட்டும். வெட்டுப்படும் சுவருக்குத் தடித்த கோடு, அதற்குப் பின்னால் தெரிவதற்கு மெல்லிய கோடு. எல்லாக் கோடும் ஒரே தடிமனில் இருந்தால் எது சுவர், எது கட்டில் என்று பிரித்தறிய முடியாது.

அடுத்து ஒரு-புள்ளி பெர்ஸ்பெக்டிவ், அதாவது அறைக்குள் நேராக நின்று பார்ப்பதுபோன்ற படம். ஆழமாகப் போகும் கோடுகள் எல்லாம் இதில் ஒரே மறைபுள்ளியில் சேரும். பின்சுவரை அளவுப்படி வரைந்து, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் கண்மட்டக் கோடும் அதன் மேல் மறைபுள்ளியும் வைத்து, அந்தப் புள்ளியிலிருந்து பின்சுவரின் நான்கு மூலைகள் வழியாகக் கோடுகளை வெளியே இழுக்க வேண்டும். ஆழத்தைக் கண்ணளவில் போடக் கூடாது. பின்சுவரின் தரைக்கோட்டை இடப்பக்கம் நீட்டி அடிக்கு ஒரு புள்ளி குறித்து, கண்மட்டக் கோட்டில் கடைசிப் புள்ளியையும் தாண்டி ஓர் அளவுப்புள்ளி வைக்க வேண்டும். அதிலிருந்து ஒவ்வொரு புள்ளி வழியாகவும் இழுக்கும் கோடு, இடது தரைமூலைக் கோட்டை வெட்டும் இடம்தான் அந்த அடியின் ஆழம். அளவுப்புள்ளியை மறைபுள்ளிக்கு மிக அருகில் கொண்டுவந்தால் முன்பக்கத் தரை விரிந்து, கட்டில் படகுபோல நீண்டுவிடும். படம் சரியாக வரவில்லை என்று பிள்ளைகள் மனம் சோர்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கையில் குறையில்லை, புள்ளியை நகர்த்தினால் போதும்.

பிறகு அதே அறையைச் சின்ன மாடலாகச் செய்யட்டும். அதற்கு 5 மி.மீ. சன்போர்டு (லேசான ஃபோம் அட்டை), ஸ்டீல் ஸ்கேல், புது பிளேடு போட்ட கட்டர் போதும். ஒரே அழுத்தில் வெட்டினால் விளிம்பு சாய்ந்துவிடும். லேசாக மூன்று முறை ஓட்ட வேண்டும். தெர்மோகோல் வகை அட்டை என்றால் கரைப்பான் கலந்த பசை அதை அரித்துவிடும், ஃபெவிகால் பாதுகாப்பு. 1:20-இல் அறையின் உள்ளளவு 18.3-க்கு 15.2 செ.மீ. நீளச் சுவர்கள் இரண்டும் 18.3 என்றால், அவற்றின் முனைகளை மூடி நிற்கும் குறுக்குச் சுவர்கள் 16.2 செ.மீ. இருக்க வேண்டும். இரு பக்க அட்டைத் தடிமன் சேர்ந்து 1 செ.மீ. அல்லவா? அதை மறந்து 15.2-க்கே வெட்டினால் உள்ளே 1 செ.மீ. குறையும். நிஜ அறையில் அது 20 செ.மீ.; பீரோ கதவைத் திறக்கும் இடம் போய்விடும். ஒரு சுவரைக் கழற்றும்படி வைத்து, போன் லென்ஸைத் தரையிலிருந்து 7.5 செ.மீ. உயரத்தில் பிடித்து உள்ளே படம் எடுத்தால், பெர்ஸ்பெக்டிவ் சரிதானா என்று பக்கத்தில் வைத்தே ஒப்பிடலாம்.

ஐஐடி போன்ற இடங்களின் டிசைன் படிப்புக்கான யூசீட், தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்ஐடியின் நுழைவுத் தேர்வு இரண்டிலும் கையால் வரையும் பகுதி உண்டு. இன்டீரியர் படிப்பை மட்டும் முடித்தவர் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள 1972-ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம் இடம் தராது. அந்தப் பட்டம்தான் வேண்டுமென்றால் பி.ஆர்க். என்ற கட்டடக்கலைப் படிப்பு, அதில் சேர நாட்டா போன்ற தகுதித் தேர்வு. இதை இப்போதே இருவரும் பேசி முடிவுசெய்துவிடுங்கள்.

பிழையான முதல் பிளானைத் தூக்கிப் போட வேண்டாம். திருத்தியதோடு சேர்த்து, தேதி போட்டு, தன் வேலைகளைத் தொகுத்துக் காட்டும் போர்ட்ஃபோலியோவில் வைக்கச் சொல்லுங்கள். நேர்காணலுக்கு அழைத்தால், அளவு எங்கே தவறியது, எப்படித் திருத்தினாள் என்று காட்ட அவளிடம் சொந்த வேலை இருக்கும். ஸ்கெட்ச்அப்பை அதே அறையை வைத்துத் தொடங்கலாம். அளவெல்லாம் கையில் தயாராக இருக்கிறதே.