என் பூனையை விமானத்தில் இலவசமாக ஏற்ற மறுத்தது பாகுபாடு இல்லையா?

கேள்வி கேட்டிருப்பவர் அமெரிக்காவில் படிக்கும் மாணவி. பதற்ற நோய்க்குச் சிகிச்சையில் இருக்கிறார். மன ஆறுதலுக்கு இவருக்குப் பூனை தேவை என்று மனநல மருத்துவர் எழுதிக் கொடுத்த கடிதத்தை வைத்து, செல்லப் பிராணிகளுக்கு அனுமதியில்லாத அபார்ட்மென்ட்டில் பூனை வளர்க்கிறார். விடுமுறைக்கு அக்கா வீட்டுக்குப் போக டிக்கெட் எடுத்தபோது அதே கடிதத்தை விமான நிறுவனம் ஏற்கவில்லை, பூனைக்குத் தனிக் கட்டணம் கட்டச் சொல்லிவிட்டது. "கண் தெரியாதவரின் நாய்க்கு இலவசம், மனநோய் உள்ளவளின் பூனைக்கு மட்டும் பணமா?" என்று கேட்கிறார்.

உங்கள் கோபம் புரிகிறது. ஆனாலும் இதில் பாகுபாடு இல்லை என்பதுதான் என் பதில். பூனை மடியில் வந்து படுத்தால் படபடப்பு அடங்கும் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் கிடையாது. வீட்டுக்கு அந்தக் கடிதம் செல்லும், செல்லவும் வேண்டும். வீட்டு விஷயத்தில் ஃபேர் ஹவுசிங் ஆக்ட் உங்கள் பக்கம் நிற்கிறது. கடை, உணவகம், நூலகம் போன்ற பொது இடங்களுக்கு ஊனமுள்ளவர்களின் உரிமைக்காக 1990-இல் வந்த ஏ.டி.ஏ. சட்டம். விமானத்துக்கு 1986-இல் வந்த ஏர் கேரியர் ஆக்சஸ் ஆக்ட். மூன்றும் தனித்தனி. ஒன்றில் கிடைக்கும் உரிமை இன்னொன்றில் தானாக வந்துவிடாது. இதைப் பல பேர் குழப்பிக்கொள்கிறார்கள், கடிதம் விற்கும் இணையதளங்கள் வேண்டுமென்றே குழப்புகின்றன.

என் அலுவலக நண்பர் ஒருவருக்குப் பார்வை கிடையாது. லாப்ரடார் இனத்து வழிகாட்டி நாய் வைத்திருக்கிறார். நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில். இங்கே மோரிஸ்டவுனில்தான் சீயிங் ஐ என்ற வழிகாட்டி நாய்ப் பள்ளி இருக்கிறது. 1929-இல் நாஷ்வில்லில் தொடங்கி, இரண்டே வருடத்தில் நியூ ஜெர்சிக்கு வந்துவிட்ட பள்ளி. குட்டியை ஒரு வயது தாண்டும் வரை தன்னார்வக் குடும்பம் ஒன்று வளர்க்கும். அப்புறம் பயிற்சியாளர் கையில் மாதக்கணக்கில் பயிற்சி. அதற்கும் அப்புறம், அதை வைத்துக்கொள்ளப் போகிறவர் நேரில் வந்து தங்கி, சில வாரம் அந்த நாயோடு தெருத்தெருவாக நடந்து பழக வேண்டும். "போ" என்று எஜமானர் சொன்னாலும், எதிரே கார் வந்தால் போகாமல் நிற்கும் அளவுக்குப் பழக்குகிறார்கள். கட்டளையை எப்போது மீற வேண்டும் என்று ஒரு நாய்க்குச் சொல்லிக் கொடுப்பது எவ்வளவு பெரிய வேலை என்று யோசித்துப் பாருங்கள்.

அவரோடு விமானத்தில் போனபோது பக்கத்து இருக்கையில் இருந்து பார்த்தேன். காலையில் நாய்க்குத் தீனி போடவில்லை, தண்ணீரும் குறைவாகத்தான் கொடுத்திருந்தார். தொண்டை வறளாமல் இருக்க ஐஸ் கட்டி ஒன்றிரண்டு. இருக்கைக்கு வந்ததும் அது பின்பக்கமாகவே நகர்ந்து, முன் இருக்கையின் அடியில் உடம்பைச் செருகி, தாடையை அவர் ஷூ மேல் வைத்துப் படுத்துக்கொண்டது. தள்ளுவண்டி வரும் சத்தம் கேட்டதும் அவர் காலாலேயே வாலைத் தேடி உள்ளே ஒதுக்கினார். அவ்வளவுதான். இறங்கும்போது எங்கள் பின்வரிசைக்காரர், "இங்கே நாய் இருந்ததா?" என்று ஆச்சரியப்பட்டார். சட்டம் அந்த நாய்க்கு இடம் கொடுப்பது இந்தப் பழக்கத்தை நம்பித்தான்.

இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். 2021-இல் விமான விதி மாறுவதற்கு முன்னால் ஒரு முறை, நானும் அந்த நண்பரும் விமான நிலையத்தில் கேட் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். சிவப்பு அங்கி மாட்டிய சின்ன நாய் ஒன்று, பார்த்தால் பஞ்சுப் பொதி மாதிரி இருக்கும், எஜமானியின் மடியிலிருந்து தாவி லாப்ரடாரின் முகத்தில் பாய்ந்துவிட்டது. லாப்ரடார் திருப்பிக் கடிக்கவில்லை, ஒடுங்கிப்போய் அவர் கால்களுக்குள் நுழைந்தது. என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. தரையில் மண்டியிட்டு, நாயின் முகம் முழுவதும் விரலால் தடவி, கண்ணில் காயமா, காதில் ரத்தமா என்று ஈரத்தைத் தேடினார். அந்தப் பெண் கெட்டவர் இல்லை. "இது எமோஷனல் சப்போர்ட் டாக், மன ஆறுதலுக்கு வைத்திருப்பது, யாரையும் ஒன்றும் செய்யாது" என்று பதறிப்போய்ச் சொல்லிக்கொண்டே இருந்தார். காயம் ஒன்றும் இல்லைதான். ஆனால் அதன் பிறகு வெகு நாளைக்கு, தெருவில் எங்கே சின்ன நாய் குரைத்தாலும் லாப்ரடார் நடையைத் தளர்த்திவிடும். சாலையைக் கடக்கும் நடுவில் வழிகாட்டி நாய் தயங்கினால் என்ன ஆகும்? பள்ளியிலிருந்து ஆள் வந்து கூடவே நடந்து மறுபடி பழக்க வேண்டியிருந்தது.

அதனால்தான் "யாருக்கு என்ன நஷ்டம்?" என்று யாராவது இந்த விஷயத்தில் சாதாரணமாகக் கேட்டால் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

இனி விதி எப்படி மாறியது என்று பார்ப்போம். முன்பெல்லாம் மனநல நிபுணரின் கடிதம் இருந்தால் போதும், விலங்குக்குப் பயிற்சியே தேவையில்லை. விமானத்தில் கட்டணமும் கிடையாது. சாதாரணமாகச் செல்லப் பிராணியை ஏற்ற அப்போது ஒரு வழிக்கே நூறு டாலரை ஒட்டிக் கேட்டார்கள். ஆக, இணையத்தில் பத்துக் கேள்விக்குப் பதில் எழுதி, முகமே பார்க்காத ஒருவரிடம் கடிதம் வாங்கினால் ஒரே பயணத்தில் காசு தேறிவிடும். சர்வீஸ் விலங்கு, அதாவது ஊனமுள்ளவருக்கு உதவப் பழக்கிய விலங்கு, என்று காட்டும் அங்கியும் அடையாள அட்டையும் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். சர்வீஸ் விலங்குகளுக்கென்று அரசுப் பதிவேடு எதுவும் அமெரிக்காவில் இல்லை, "பதிவு செய்து தருகிறோம்" என்று பணம் கேட்பவர் விற்பது வெறும் காகிதம்.

விமான நிறுவனங்களின் கூட்டமைப்பு சொன்ன கணக்குப்படி 2016-இல் இப்படிப் பறந்த விலங்குகள் 4.81 லட்சம், 2017-இல் 7.51 லட்சம். ஒரே வருடத்தில் அத்தனை பேருக்குப் புதிதாக நோய் வந்திருக்கும் என்று நம்ப முடிகிறதா? 2018 ஜனவரியில் நூவர்க் விமான நிலையத்தில் ஒருவர் மயிலோடு வந்து நின்ற படம் உலகம் முழுவதும் சுற்றியது. யுனைடெட் நிறுவனம் ஏற்ற மறுத்தது. ஊரே சிரித்தது. எனக்கு நினைவில் நிற்பது அதற்கு முந்தைய வருடம் நடந்தது. 2017 ஜூனில் அட்லாண்டாவிலிருந்து புறப்படவிருந்த டெல்டா விமானத்தில், ஜன்னலோர இருக்கையில் இருந்தவரைப் பக்கத்து இருக்கைக்காரரின் எமோஷனல் சப்போர்ட் நாய் முகத்தில் கடித்துக் குதறியது. 28 தையல். ஜன்னலோரத்தில் மாட்டிக்கொண்டவர் எங்கே தப்பி ஓடுவார்?

2018-இல் அமெரிக்க நாடாளுமன்றமே தலையிட்டு, சர்வீஸ் விலங்கு என்றால் என்னவென்று விமானத்துக்கு வரையறுக்கும்படி போக்குவரத்துத் துறைக்குச் சொன்னது. துறை வரைவு விதியை வெளியிட்டபோது 15,000-க்கும் மேல் கருத்துகள் குவிந்தன. 2020 டிசம்பரில் இறுதி விதி வந்து, 2021 ஜனவரி 11 முதல் அமலானது. நாய் மட்டும்தான் சர்வீஸ் விலங்கு. அதுவும் ஊனமுள்ளவருக்கு ஏதாவது ஒரு வேலையைச் செய்யப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். மற்றவற்றை நிறுவனங்கள் செல்லப் பிராணியாகவே நடத்தலாம்.

உங்கள் கேள்விக்கான நேரான பதில் இந்த விதிக்குள்ளேயே இருக்கிறது. பழைய விதியில்தான் மனநோயாளிகளுக்குப் பாகுபாடு இருந்தது. போரிலிருந்து திரும்பிய ஒருவரைக் கெட்ட கனவிலிருந்து தட்டி எழுப்பும் நாய், பதற்றம் வரும்போது மேலே ஏறிப் படுத்து அழுத்தம் கொடுக்கும் நாய், மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்து தரும் நாய் எல்லாம் பயிற்சி பெற்ற சர்வீஸ் நாய்கள்தான். ஆனால் அவற்றின் எஜமானர்களும் மருத்துவர் கடிதம் காட்ட வேண்டும், 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்ல வேண்டும் என்று தனியாக நடத்தினார்கள். கண் தெரியாதவரிடம் யாரும் அந்தக் கடிதத்தைக் கேட்டதில்லை. புதிய விதி அந்த வேற்றுமையை எடுத்துவிட்டது. இப்போது பார்வைக்கு உதவும் நாயும் மனநோய்க்கு உதவும் நாயும் விமானத்தில் ஒன்றுதான். நோய் எது என்பதை யாரும் பார்ப்பதில்லை, விலங்கு பழக்கப்பட்டதா என்பதைத்தான் பார்க்கிறார்கள். அது சரியான கோடு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

விதியில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். இப்போது எல்லா சர்வீஸ் நாய்க்காரர்களும் படிவம் நிரப்ப வேண்டியிருக்கிறது. நாயின் உடல்நலம், தடுப்பூசி, யார் பயிற்சி கொடுத்தார், 8 மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும் பயணமானால் மலஜலம் கழிக்காமல் சமாளிக்குமா என்றெல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கும் நிறுவனம் புதிதாகக் கேட்கலாம். பத்து வருடமாக ஒழுங்காகப் பறந்துகொண்டிருந்த என் நண்பருக்கு இது தண்டனை இல்லையா? பொய் சொன்னவர்கள் யாரோ, படிவம் நிரப்புகிறவர் இவர். அந்தப் படிவங்களில் சில அவருடைய திரை வாசிப்பு மென்பொருளுக்குப் பிடிபடுவதே இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து நான் படித்துச் சொல்லியிருக்கிறேன். பொய் சொல்கிறவர் இப்போதும் படிவத்தில் துணிந்து பொய் எழுதலாம், அது குற்றம் என்று அதிலேயே எச்சரித்திருந்தாலும். நிறுவனங்களுக்கோ செல்லப் பிராணிக் கட்டணமாக வருடத்துக்கு 5.96 கோடி டாலர் வரை கூடுதலாகக் கிடைக்கலாம் என்று அப்போது போக்குவரத்துத் துறையே மதிப்பிட்டது. அந்தப் பணத்தில் ஒரு பகுதியைச் செலவிட்டு, எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக, வருடம் ஒரு முறை நிரப்பினால் போதும் என்று ஒரு படிவத்தைக் கொண்டுவரக் கூடாதா?

பொது இடங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நம்மவர்கள் பலர் சட்டத்தை மீறுகிறார்கள். இங்கே நியூ ஜெர்சியில் எடிசன் என்ற ஊர்ப் பக்கம் இந்திய ஓட்டல் ஒன்றுக்கு அந்த நண்பரைக் கூட்டிக்கொண்டு போனேன். தோசை சாப்பிட ஆசைப்பட்டார். வாசலிலேயே, "நாய் கூடாது சார், கஸ்டமர் ஒத்துக்க மாட்டாங்க" என்று நிறுத்திவிட்டார்கள். எனக்கு முகம் சிவந்துவிட்டது, அவர் பழகிப்போனவர் போல நிதானமாகச் சட்டத்தை எடுத்துச் சொன்னார். கடைக்காரர் இரண்டே கேள்விதான் கேட்கலாம். ஊனத்தின் காரணமாகத் தேவைப்படும் சர்வீஸ் நாயா? என்ன வேலை செய்யப் பழக்கியிருக்கிறீர்கள்? சான்றிதழ் கேட்கக் கூடாது, என்ன நோய் என்று கேட்கக் கூடாது. அலர்ஜி, நாய் பயம் என்ற காரணம் சொல்லி மறுக்கவும் கூடாது. நாய் அடங்காமல் ஆடினாலோ அங்கேயே அசிங்கம் பண்ணினாலோ வெளியே கொண்டுபோகச் சொல்லலாம். வெறும் ஆறுதலுக்காக வைத்திருக்கும் விலங்குக்கு ஏ.டி.ஏ. இடம் தரவில்லை, அதைக் கடைக்காரர் மறுக்கலாம். கடைசியில் மேஜை கிடைத்தது. ஆனால் அந்தக் கடைக்காரர் அதற்கு முன்னால் எத்தனை போலி அங்கிகளைப் பார்த்திருப்பாரோ!

நாய் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊரிலிருந்து வரும் நம் அப்பா அம்மாக்கள் தெருநாய்க்கு ஒதுங்கி ஒதுங்கியே வாழ்ந்தவர்கள். விமானத்தில் பக்கத்தில் நாய் இருந்தால் பணிப்பெண்ணிடம் சொல்லி வேறு இருக்கை கேட்கலாம், இடமிருந்தால் மாற்றித் தருவார்கள். பழகாத விலங்கு ஒன்று கட்டுப்பாடில்லாமல் பக்கத்தில் நிற்கும் நிலை அவர்களுக்கு வராமல் பார்த்துக்கொள்வதும் அந்த விதியின் பலன்தான்.

இன்னொரு விஷயம், உங்கள் பூனை. உங்கள் அறையில், அதன் ஜன்னல், அதன் மெத்தை எல்லாம் இருக்கும் இடத்தில் அது உங்களைத் தேற்றுகிறது. விமானத்தில் காது அடைக்கும், இரைச்சல், முன்பின் தெரியாத வாசனைகள். அங்கே அதைத் தேற்ற வேண்டிய வேலை உங்களுடையதாகிவிடும். ஏற்கெனவே பதற்றத்தில் இருக்கும் உங்களுக்கு அது சுமையா துணையா என்று உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள். விடுமுறை நாலு நாள்தான் என்றால், தோழி யாரையாவது அறையில் வந்து தங்கச் சொல்லலாமா என்றும் பாருங்கள்.

கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்றால் இப்படிச் செய்யுங்கள். டிக்கெட் எடுத்த கையோடு நிறுவனத்துக்குப் போன் செய்து பூனைக்கும் இடம் பதியுங்கள். ஒரு விமானத்தின் கேபினில் இத்தனை பிராணிகள்தான் என்று உச்சவரம்பு உண்டு, கடைசி நேரத்தில் கிடைக்காது. இருக்கைக்கு அடியில் அடங்கும் மென்மையான பையாக வாங்கி, இரண்டு மூன்று வாரம் முன்பே வீட்டில் திறந்துவைத்து, அதற்குள்ளேயே தீனி வையுங்கள். பாதுகாப்புச் சோதனையில் பூனையைப் பையிலிருந்து வெளியே எடுக்கச் சொல்வார்கள், காலிப் பை மட்டும்தான் எக்ஸ்ரேயில் போகும். மிரண்ட பூனை கையை உதறிவிட்டு ஓடினால் விமான நிலையத்தில் பிடிப்பது பெரும்பாடு. மார்புப் பட்டையும் கயிறும் மாட்டியே கொண்டுபோங்கள், தனி அறையில் சோதனை வேண்டும் என்று வரிசையில் நிற்கும்போதே கேளுங்கள். கேட்டால் தருவார்கள்.