இங்கிலாந்துல 'கிரேடு 1 லிஸ்டட்' வீடுன்னா என்ன? ஹார்ட்விக் ஹாலை வச்சு பாக்கலாம்

வரலாறோ கட்டுமானமோ ரொம்ப முக்கியம்னு அரசாங்கம் பட்டியல்ல சேத்து சட்டப் பாதுகாப்பு குடுத்த கட்டடம், அவ்ளோதான், அதுல உச்ச தரம் கிரேடு 1.

டெர்பிஷையர்ல இருக்கற ஹார்ட்விக் ஹால்ங்கற மாளிகை 1590கள்ல கட்டினது. கட்டினவங்க பெஸ்னு கூப்பிடற எலிசபெத், ஷ்ரூஸ்பரி சீமாட்டி, நாலு கல்யாணம் பண்ணி பெரிய பணக்காரியானவங்க, டிசைன் ராபர்ட் ஸ்மித்சன்னு சொல்றாங்க. அப்போ கண்ணாடி பயங்கர விலை, அதனால ஜன்னல்தான் பந்தா. புகைபோக்கியை எல்லாம் உள்சுவர்ல வச்சிட்டதால வெளிச்சுவர்ல இஷ்டத்துக்கு ஜன்னல் வைக்க முடிஞ்சுது, சுவரை விட கண்ணாடி ஜாஸ்தின்னு பேரே வந்துச்சு. மாடி ஏற ஏற ஜன்னல் பெருசாகும், ஏன்னா விருந்தாளிக்கான ஆடம்பர ஹால் மேல் மாடியில. கோபுர உச்சியில தன் இனிஷியல் 'ஈ எஸ்'ஸை (எலிசபெத் ஷ்ரூஸ்பரி) கல்லுலயே செதுக்கி வச்சிருக்காங்க, அடக்கம்லாம் கிடையாது!

இந்தப் பாதுகாப்பு ஏன் தேவைன்னா, 20ஆம் நூற்றாண்டுல வாரிசு வரி, பராமரிப்புச் செலவு தாங்காம இந்த மாதிரி மாளிகைங்க நூத்துக்கணக்குல இடிபட்டுச்சு. ஹார்ட்விக்கும் வரிக்கு ஈடாதான் அரசாங்கத்துக்குப் போய் 1959ல நேஷனல் டிரஸ்ட்ங்கற, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கற தொண்டு அமைப்பு கைக்கு வந்துச்சு.

லிஸ்டட் வீடும் நம்ம ஃப்ளாட் மாதிரிதான், வீடு உங்களுதுதான், ஆனா அசோசியேஷனைக் கேக்காம தூண்ல கை வைக்க முடியாதுல்ல.

லிஸ்டட்னா அரசாங்க சொத்து, ஆணி கூட அடிக்கக்கூடாதுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அப்படி இல்ல, தனியார் குடும்பங்க குடியிருக்கற லிஸ்டட் வீடுங்க ஏராளம், கட்டடத்தோட தன்மை மாறற வேலைன்னா மட்டும் முன்அனுமதி வாங்கணும்.