தோளை விட்டு நழுவும் கிட்டார்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பல ஒரே கவலையைச் சொல்கின்றன. கிட்டாரைத் தோளில் தொங்கவிடும் பட்டையான ஸ்ட்ராப் கழன்று கிட்டார் விழுந்தது, விழப் பார்த்தது, விழாமல் இருக்க என்ன செய்வது என்பதே அந்தக் கவலை. ஆகையால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மெல்லிசைக் குழுவில் லெஸ் பால் வடிவ எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறேன். திருமண வரவேற்பு ஒன்றில், இரண்டு பாடல்களுக்கு இடையே பெடலைச் சரிசெய்யக் குனிந்து நிமிர்ந்தபோது, ஸ்ட்ராப் மேல்பக்கத்துப் பட்டனிலிருந்து கழன்று, கிட்டார் தலைகுப்புற விழுந்தது. தலைப்பகுதியின் பின்புறம் மயிரிழை போல ஒரு கோடு தெரிகிறது. ஆனாலும் சுருதி நிற்கிறது. ஸ்ட்ராப் புதியது, பட்டனும் ஆடவில்லை. பிறகு ஏன் கழன்றது? இப்படியே தொடர்ந்து வாசிக்கலாமா?
— ஒரு வாசகர், வடபழனி

பதில்: தொடர்ந்து வாசிக்க வேண்டாம். இதைப் படித்தவுடன் ஆறு தந்திகளையும் தளர்த்திவிடுங்கள். எலெக்ட்ரிக் கிட்டாரில் வழக்கமாகப் போடும் 10-46 அளவுத் தந்திகள், சரியான சுருதியில் நிற்கும்போது ஏறத்தாழ 45 கிலோ விசையோடு அந்தத் தலைப்பகுதியை இழுத்துக்கொண்டிருக்கின்றன. நீங்கள் பார்த்த கோடு மேற்பூச்சின் வெடிப்பாக மட்டும் இருந்தால் நல்லது. மரத்தின் விரிசலாக இருந்தால், இன்று சுருதி நிற்பதை நம்பி வைத்திருக்கும் கிட்டார் என்றாவது ஒரு நாள், யாரும் தொடாதபோதே பெட்டிக்குள் இரண்டாக முறிந்து கிடக்கும். தந்தியைத் தளர்த்தியதும் கோடு மெலிந்தாலோ மறைந்தாலோ அது மரவிரிசல் என்று வைத்துக்கொள்ளலாம். அதன்மேல் ஃபெவிக்விக் ஊற்றிவிடாதீர்கள். அது விரிசலின் வாயிலேயே இறுகி உட்கார்ந்துகொண்டு, பிறகு பழுது பார்ப்பவர் வைக்கும் மரப்பசை நார்களுக்குள் இறங்க விடாமல் தடுத்துவிடும். சுத்தமான விரிசலை நல்ல மரப்பசை வைத்து, கவ்வி போட்டு இறுக்கினால், அது பல ஆண்டுகள் தாங்கும்.

உங்களுடையது லெஸ் பால் வடிவக் கிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். கிப்ஸன் மரபில் செய்யப்படும் இவ்வகைக் கிட்டார்களில் தலைப்பகுதி, நெக்கின் (கிட்டாரின் கழுத்தின்) நேர்கோட்டிலிருந்து பின்னோக்கிச் சாய்ந்திருக்கும்; 17 பாகைச் சாய்வு அந்த மரபில் பெயர்பெற்றது. ஒரே மகாகனித் துண்டிலிருந்து அந்தச் சாய்வைச் செதுக்கும்போது, மரத்தின் ரேகை அந்த வளைவோடு திரும்பாமல், நெக்கின் வழியே நேராக ஓடி வெட்டுப்பட்டு நின்றுவிடுகிறது. போதாதற்கு, நெக் வளையாமல் இருக்க உள்ளே வைத்திருக்கும் டிரஸ் ராட் என்னும் கம்பியைத் திருகுவதற்காக அதே இடத்தில் மரத்தைக் குடைந்தும் எடுத்திருப்பார்கள். அதனால் விழுந்தால் முறிவது பெரும்பாலும் அந்த இடம்தான். ஃபெண்டர் வகையில் தலைப்பகுதி சாயாமல் நெக்குக்கு இணையாகவே இருப்பதால், அதே உயரத்திலிருந்து விழுந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறது.

இனி, ஏன் கழன்றது என்பது. ஸ்ட்ராப்பின் முனையில் ஒரு துளையும், அதிலிருந்து ஒரு சிறு கீறலும் இருக்கும். பட்டனின் தலை அந்தக் கீறலின் வழியாக நுழைந்து துளையில் உட்காருகிறது. நுழைந்த வழியே வெளியே வரவும் அதனால் முடியும். கிட்டார் தோளில் தொங்கும் வரைக்கும் அதன் கனம் ஸ்ட்ராப்பை விறைப்பாக இழுத்துப் பிடித்திருப்பதால் ஒன்றும் ஆகாது. நீங்கள் குனியும்போது கிட்டாரின் கனம் தொடையிலோ கையிலோ தங்கிவிடுகிறது. ஸ்ட்ராப் தொய்ந்து, முனை சற்று முறுக்கிக்கொள்கிறது. கீறல் பட்டன் தலையின் விளிம்பில் ஏறிவிடுகிறது. நிமிரும்போது விழுகிற சுமை அதை உள்ளே தள்ளாமல் வெளியே தள்ளுகிறது. ஆகவே பாட்டு உச்சத்தில் இருக்கும்போது விழுவதைவிட, பாட்டு முடிந்து தண்ணீர் குடிக்கத் திரும்பும்போது விழுவதே அதிகம். எஸ்ஜி வடிவக் கிட்டாரில் மேல்பட்டன், நெக் பாடியோடு சேரும் இடத்தின் பின்புறத்தில், வாசிப்பவரின் மார்பைப் பார்த்தபடி இருப்பதால், அதில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

இதை நான் ஏட்டிலிருந்து எழுதவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில், இரவல் வாங்கிய கிட்டார் ஒன்று என் தோளிலிருந்து இதே போலக் கழன்று சிமெண்டுத் தரையில் விழுந்தது. காய்ந்த முருங்கைக் கிளை முறிகிற சத்தம். கொடுத்தவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மௌனம்தான் இன்னும் வலிக்கிறது. அன்று முதல், நிகழ்ச்சிக்கு எடுத்துச் செல்லும் எந்தக் கிட்டாரையும், ஸ்ட்ராப்பைப் பட்டனோடு பூட்டிவைக்கும் ஸ்ட்ராப் லாக் இல்லாமல் நான் தோளில் மாட்டுவதில்லை.

சந்தையில் கிடைப்பவற்றில் ஷாலர், டன்லப் ஆகிய இரண்டைப் பற்றிச் சொன்னால் போதும். மற்றவை பெரும்பாலும் இவற்றின் வழியைத்தான் பின்பற்றுகின்றன. ஷாலர் லாக்கில், ஸ்ட்ராப்பில் பொருத்தும் பகுதி குதிரை லாடம் போல ஒரு பக்கம் திறந்திருக்கும். பட்டன் அந்த லாடத்துக்குள் உட்கார, ஒரு சிறு பின் அதன் நடுத்துளையில் இறங்கிப் பூட்டிக்கொள்ளும். லாடத்தின் மூடிய பக்கம் பட்டனைத் தாங்கும்படி ஸ்ட்ராப்பில் பொருத்த வேண்டும். அப்படிப் பொருத்தினால், பின் சரியாக இறங்காவிட்டாலும் கிட்டாரின் கனமே அதை லாடத்துக்குள் பிடித்து வைக்கும். தலைகீழாகப் பொருத்தினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். பலர் செய்யும் தவறு இது. டன்லப்பில் நடுவில் இருக்கும் பித்தானை அழுத்தினால் உள்ளே இருக்கும் சிறு குண்டுகள் விலகி வழிவிடும், விட்டால் பூட்டிக்கொள்ளும். மாட்டுவதும் கழற்றுவதும் இதில் எளிது. ஆனால் சரியாகப் பூட்டாவிட்டால் தாங்குவதற்கு வேறு எதுவும் இல்லை. என் கை ஷாலரைத்தான் தேடுகிறது.

அதில் ஒரு குறையும் உண்டு. பழைய வகை ஷாலரில், ஸ்ட்ராப்பின் பின்புறம் இறுக்கும் மரை நாளடைவில் தளரும். மரை தளராமல் பிடிக்கும் பசையான நீல நிற லாக்டைட் ஒரு துளி வைத்து இறுக்குங்கள். அது கிடைக்காவிட்டால் வீட்டில் இருக்கும் நகப்பூச்சும் அந்த வேலையைச் செய்யும். தடித்த தோல் ஸ்ட்ராப்பாக இருந்தால், தோலைத் தாண்டி வெளியே தெரியும் புரி போதாமல், மரை ஓரிரு சுற்றுகளில் மட்டும் பிடித்து நிற்கும். அது இறுகியதுபோல் தோன்றும், ஆனால் இறுகியிருக்காது. புரி முழுவதும் மரைக்குள் வர வேண்டும். அதற்காகத் துளையைப் பெரிதாக்கவோ தோலைச் சற்றுச் செதுக்கவோ வேண்டியிருந்தால், பிளேடை எடுக்காமல், தெருமுனையில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் கொடுங்கள். அவரிடம் வட்ட உளி இருக்கும். ஒரே அடியில் பிசிறில்லாத துளை விழும். பிளேடால் போட்ட கீறல் மேலும் கிழிந்துகொண்டே போகும்.

கேள்வி: பதின்மூன்று வயது மகனுக்கு வாங்கித்தந்த எலெக்ட்ரிக் கிட்டாரில் ஸ்ட்ராப் பட்டன் திருகு சுற்றிக்கொண்டே இருக்கிறது, இறுகவில்லை. ஸ்ட்ராப் லாக் போட்டால் சரியாகிவிடும் என்று கடையில் சொன்னார்கள். அல்லது எம்-சீல் வைத்து அடைத்துவிடலாமா?
— ஒரு தாய், பெரம்பூர்

பதில்: அம்மா, ஸ்ட்ராப் லாக் போட்டாலும் அதைப் பிடித்திருக்கப்போவது அதே திருகுதான். ஸ்ட்ராப்பின் துளை, லாக், மரத்துக்குள் போகும் திருகு ஆகிய மூன்றில் எது இளைத்ததோ, அதன் பலம்தான் மொத்தத்தின் பலம். மரம் பிடிக்காத இடத்தில் விலையுயர்ந்த லாக்கைப் பொருத்துவது, கரையான் அரித்த கதவு நிலையில் பித்தளைப் பூட்டுத் தொங்கவிடுவது போன்றது. முதலில் மரத்தைச் சரிசெய்வோம்.

குறைந்த விலைக் கிட்டார்களின் பாடியைப் பெரும்பாலும் பாஸ்வுட், பாப்லர் போன்ற மென்மையான மரங்களில் செய்கிறார்கள். திருகு சற்று ஆடத் தொடங்கினாலே போதும், அந்த மரத்தில் புரி வெட்டிய தடம் மாவாகிவிடும். எம்-சீல் வேண்டாம், பின்னால் அந்தத் திருகைக் கழற்ற வேண்டிவரும்போது மரத்தையும் பெயர்த்துக்கொண்டு வரும். வீட்டிலேயே செய்யக்கூடிய வழி ஒன்று இருக்கிறது. திருகைக் கழற்றி, துளையில் இருக்கும் தூளை ஊதி வெளியேற்றுங்கள். மூங்கில் பல்குத்தும் குச்சிகளை ஃபெவிகாலில் தோய்த்து, ஒவ்வொன்றாக, இனி நுழையாது என்னும் அளவுக்குத் துளைக்குள் செலுத்துங்கள். வழியும் பசையை ஈரத்துணியால் உடனே துடைத்துவிடுங்கள். ஒரு நாள் முழுவதும் காய விட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை மேற்பரப்போடு சமமாக வெட்டிவிடுங்கள். பிறகு திருகின் தண்டைவிடத் தடிக்காத துளையைப் போட வேண்டும். புரியின் அகலத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது. புரி கடிப்பதற்கு மரம் மிஞ்ச வேண்டும். ட்ரில் பிட்டில் திருகின் நீளத்தை அளந்து ஒரு துண்டு டேப் சுற்றிக்கொண்டால் ஆழம் மீறாது. திருகை மெழுகுவர்த்தியில் ஒருமுறை தேய்த்துவிட்டு, கையாலேயே மெல்லத் திருகுங்கள். சிலர் சோப்புத் தடவுவார்கள். சோப்பு ஈரத்தை இழுக்கும்; கடற்காற்று வீசும் சென்னையில் துருவுக்கு அழைப்பிதழ் வைக்க வேண்டியதில்லை.

துருவைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. பழைய கிட்டாரில் திருகு துருவேறி அசையாவிட்டால் பலம் கொண்டமட்டும் திருப்பாதீர்கள். தலை முறிந்து தண்டு உள்ளே தங்கிவிடும். சூடான சால்டரிங் அயர்ன் முனையைத் திருகின் தலையில் சிறிது நேரம் வைத்து, ஆறிய பிறகு திருப்பினால் பெரும்பாலும் இளகி வரும்.

பிறகு லாக் வாங்கினால், அதோடு வரும் திருகு பழைய திருகைவிடக் குட்டையாகவோ மெலிந்தோ இருக்கிறதா என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மெலிந்திருந்தால் பழைய துளையில் அது பிடிக்காது. பழைய திருகையே போடலாம் என்றால், அதன் தலை லாக் பட்டனின் குழிக்குள் முழுமையாக அமிழ வேண்டும். சிறிது மேலே துருத்தினாலும் லாக் முழுவதும் உட்காராது.

கேள்வி: லாக் விலை எனக்குக் கட்டுப்படியாகாது. பாட்டில் மூடியில் வரும் ரப்பர் வாஷரை மாட்டினால் போதும் என்கிறான் நண்பன். உண்மையா?
— கல்லூரி மாணவர், அயனாவரம்

பதில்: உண்மை. க்ரோல்ஷ் பீர் பாட்டிலின் கம்பி மூடியில் இருக்கும் சிவப்பு ரப்பர் வளையத்தை உலகெங்கும் கிட்டார் வாசிப்பவர்கள் இதற்குப் பயன்படுத்தி வருகிறார்கள். கம்பி மூடி உள்ள எந்தக் கண்ணாடி பாட்டிலிலும் அதே போன்ற வளையம் இருக்கும். ஸ்ட்ராப்பை மாட்டிய பின், அதன்மேல் வளையத்தை இழுத்துப் பட்டனின் தலையைத் தாண்டி உட்காரவைக்க வேண்டும். சிரமப்பட்டு இழுத்தால்தான் ஏற வேண்டும். எளிதாக ஏறினால் எளிதாகவே கழலும். பட்டனின் கழுத்து நீளமாக இருந்தால்தான் ஸ்ட்ராப்புக்கும் வளையத்துக்கும் சேர்த்து இடம் கிடைக்கும் என்பதையும் பாருங்கள். வெயிலில் ரப்பர் வெடிக்கும். விரலால் மடித்துப் பார்த்து, நுண்ணிய வெடிப்பு தெரிந்தாலே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: தேவாலயப் பாடகர் குழுவில் அக்கூஸ்டிக் கிட்டார் வாசிக்கிறேன். கீழ்முனையில் கேபிள் செருகும் ஜாக்கே ஸ்ட்ராப் பட்டனாகவும் இருக்கிறது. மேல்முனையில் பட்டனே இல்லை. தலைப்பகுதியில் கயிறு கட்டியிருக்கிறேன். ஸ்ட்ராப் ஜாக்கில் நுழையவே மறுக்கிறது. கத்தியால் துளையைப் பெரிதாக்கலாமா?
— ஒரு வாசகி, சாந்தோம்

பதில்: கத்தி வேண்டாம், மேலே சொன்ன வட்ட உளிதான். இந்த ஜாக்குகள் 12 மில்லிமீட்டர் துளையில் உட்காருபவை, சாதாரணப் பட்டனைவிடத் தடித்தவை. ஷாலர் போன்ற லாக்குகள் இதற்குப் பொருந்தாது. ஜாக்கையே சுற்றிக் கவ்விக்கொள்ளும் தனி லாக்குகள் இருக்கின்றன, டடாரியோவின் சின்ச்ஃபிட் அவற்றில் ஒன்று. நான் அதிகம் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. ஜாக்கின் மரை தளர்ந்தால், ஸ்ட்ராப் அசையும்போதெல்லாம் ஜாக்கும் கூடவே சுழலும். உள்ளே பற்றவைத்த ஒயர் முறுக்கி அறுந்துபோகும். மாதம் ஒருமுறை விரலால் திருப்பிப் பாருங்கள். அசைந்தால் உடனே இறுக்கிவிடுங்கள்.

தலைப்பகுதியில் கட்டும் கயிறு, தந்திகளுக்கு அடியில், நெக்கின் முனையில் இருக்கும் எலும்புக் கட்டையை ஒட்டிப் போக வேண்டும். சுருதித் திருகுகளில் சிக்கக் கூடாது. அவிழாத இரட்டை முடிச்சாக இருந்தால் அதுவே போதும். நெக்கின் அடிப்பகுதியில், மெல்லிய தந்திகள் இருக்கும் பக்கமாக ஒரு பட்டன் வைத்துக்கொண்டால் தோளுக்கு இன்னும் வசதி. ஆனால் சில கிட்டார்களில் அந்த இடத்துக்குள் நெக்கைப் பிடிக்கும் போல்ட் இருக்கும். ஆகவே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒருவர் கையால்தான் அந்தத் துளை விழ வேண்டும்.

எலெக்ட்ரிக் வாசிப்பவர்களுக்கும் இது பொருந்தும்: கேபிளை ஜாக்கில் செருகுவதற்கு முன், ஸ்ட்ராப்புக்கும் பாடிக்கும் இடையே ஒருமுறை நுழைத்து எடுங்கள். யாராவது கேபிளை மிதித்தால் ஜாக்குக்குப் பதிலாக ஸ்ட்ராப் அந்த இழுப்பை வாங்கிக்கொள்ளும்.

கேள்வி: இரண்டு கிட்டார்கள், ஒரே ஸ்ட்ராப். இரண்டிலும் வேறு வேறு நிறுவன லாக் பட்டன்கள் இருந்தால் பரவாயில்லையா?
— ஒரு வாசகர், கிண்டி

பதில்: கூடாது. ஷாலரின் ஸ்ட்ராப் பகுதி டன்லப் பட்டனில் பூட்டாது, டன்லப்பினுடையது ஷாலரில் பூட்டாது. சில மலிவான நகல்கள் பூட்டியதுபோல் நின்று, கை அசைவில் கழன்றுவிடும். ஒரே நிறுவனத்தின் பட்டன்களை இரண்டு கிட்டார்களிலும் வையுங்கள். மாட்டியவுடன், இடது கையால் கிட்டாரை அணைத்தபடி, வலது கையால் ஸ்ட்ராப்பைப் பட்டனிலிருந்து வெளிப்பக்கமாக ஒரு முறை பலமாக இழுங்கள். பிறகு அடுத்த முனையை. இரண்டும் அசையாமல் நின்ற பின்னரே அணைத்திருக்கும் கையை எடுங்கள்.