எட்டு மேப்பிள் மரத்துக்கு எவ்வளவு பெரிய அடுப்பு?

கேள்வி: என் மகளும் மாப்பிள்ளையும் அமெரிக்காவில், வெர்மான்ட் மாநிலத்தில் இருக்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் எட்டு மேப்பிள் மரங்கள். போன வருஷம் அதில் நீர் இறக்கிச் சமையலறையில் அண்டா வைத்துக் காய்ச்சினார்கள். பொழுது முழுக்கக் கொதித்தும் பாகு வரவில்லை, சுவரெல்லாம் ஈரம் பூத்ததுதான் மிச்சம். இந்த முறை வெளியே விறகடுப்பு கட்டப் போகிறாராம் மாப்பிள்ளை. வெல்லக் கொப்பரை செய்து கொடுத்தவர் நீங்கள் என்பதால் கேட்கிறேன். அடுப்பும் பாத்திரமும் எப்படி இருக்க வேண்டும்?
– வாசகி, குடியாத்தம்

பதில்: அம்மா, அந்த அண்டாவை முதலில் ஓரங்கட்டச் சொல்லுங்கள். பொழுதைத் தின்றது அதுதான்.

நம் பக்கத்துக் கரும்புச்சாற்றில் 100க்கு 15 முதல் 20 பங்கு சர்க்கரை இருக்கும். மேப்பிள் நீரில் இருப்பது 2 பங்கு, சில மரத்தில் 3. அங்கே காய்ச்சுகிறவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: நீரில் எத்தனை சதவீதம் சர்க்கரையோ, அதனால் 86ஐ வகுக்க வேண்டும். 2 சதவீதம் என்றால் 43 லிட்டர் நீருக்கு 1 லிட்டர் பாகு. மீதி 42 லிட்டரும் ஆவியாகப் போயாக வேண்டும். உங்கள் மகள் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஏறியது அதுதான். இதை வீட்டுக்குள் காய்ச்சவே கூடாது.

பனிக்குளிரில் இருக்கிற 1 லிட்டர் நீரைக் கொதிக்க வைக்க 100 கிலோகலோரி போதும். கொதித்த நீரை ஆவியாக்க இன்னும் 540 வேண்டும். அந்தச் சூடு அடித்தகடு வழியாக ஏறுகிறது, ஆவி மேற்பரப்பு வழியாகப் போகிறது. ஆழம் இரண்டுக்கும் உதவாது. அணைக்கட்டு, பள்ளிகொண்டா பக்கத்து ஆலைக்காரர்கள் கொப்பரை சொல்ல வரும்போது எத்தனை குடம் பிடிக்கும் என்றுதான் கேட்பார்கள். நான் வாயகலத்தைப் பேசிவிட்டுத்தான் மற்றதைப் பேசுவேன். மேப்பிளுக்கு இது இன்னும் பொருந்தும்.

ஆக, வேண்டியது தட்டையான, சதுர மூலை வைத்த எவர்சில்வர் தட்டு. 2 அடிக்கு 3 அடி, 8 அங்குல விளிம்பு, 20 அல்லது 22 கேஜ் தகடு. நீர் அதில் ஒன்றரை, இரண்டு அங்குலத்துக்கு மேல் நிற்க வேண்டாம். உயரமான விளிம்பு நுரை பொங்குவதற்காக. நன்றாக எரியும் அடுப்பில் ஒரு சதுர அடிக்கு மணிக்கு 2 முதல் 4 லிட்டர் வரை ஆவியாகும். 6 சதுர அடி என்றால் மணிக்கு 12 லிட்டருக்குக் குறையாது. நீர் இறக்க மரத்தில் போடும் ஒரு துளைக்கு ஒரு பருவத்தில் சுமார் 40 லிட்டர் நீர் கிடைக்கும் என்பார்கள். எட்டு மரத்துக்கு இந்த அளவு தாராளம். தடுப்பு வைத்து, ஒரு மூலையில் நீர் நுழைந்து மறு மூலையில் பாகாக வெளிவரும் தட்டெல்லாம் நூறு மரம் வைத்திருப்பவருக்கு. அதற்குப் பணம் போட வேண்டாம்.

ஜி.ஐ. தகடு கூடாது, துத்தநாகம் பாகில் இறங்கும். மூட்டுகளை வெல்டிங் செய்ய வேண்டும். ஈயம் கலந்த பற்றவைப்பு ஒரு சொட்டுகூட இருக்கக் கூடாது. பழைய தட்டு மலிவாகக் கிடைக்கிறது என்று மாப்பிள்ளை வாங்கிவிடப் போகிறார், இதை அழுத்திச் சொல்லுங்கள். 42 லிட்டரைத் துரத்திவிட்டு 1 லிட்டரை வைத்துக்கொள்ளும் வேலை இது. உள்ளே இறங்கிய விஷமும் அந்த ஒரு லிட்டரில்தான் நிற்கும், சாப்பிடப் போவது உங்கள் பேரப்பிள்ளைகள்.

இனி அடுப்பு. 200 லிட்டர் பீப்பாயைப் படுக்க வைத்து, மேல்பக்கத்தை வெட்டித் தட்டைப் பொருத்துவது அங்கே பலரும் செய்கிற வழி. பெட்ரோலோ ரசாயனமோ இருந்த பீப்பாயை வெட்டப் போனால் வெடிக்கும், தொடவே வேண்டாம். முதல் வருஷம் சிமென்ட் பிளாக்கைக் கலவை இல்லாமல் அடுக்குவதுதான் என் யோசனை. வேண்டிய மாதிரி கலைத்துக் கட்டலாம். ஆனால் வெறும் பிளாக் சூட்டில் வெடிப்பு விடும், உட்புறம் சூடு தாங்கும் செங்கல் (ஃபயர் பிரிக்) வைக்க வேண்டும்.

நம் ஆலையடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பக்கம் தீ, கடைசியில் புகைபோக்கி, நடுவில் சுடர் ஓடும் பாதை. தீ இரும்புக் கம்பித் தட்டியின் மேல் எரிய வேண்டும், காற்று அதன் அடியிலிருந்து வர வேண்டும். தீக்குழி முடிகிற இடத்திலிருந்து தரையை மண்ணும் செங்கல்லும் கொட்டிச் சரிவாக உயர்த்தி, தட்டுக்கு மூன்று நான்கு அங்குலம் கீழே கொண்டுவந்து நிறுத்துங்கள். அப்போதுதான் சுடர் தட்டின் அடியை நக்கிக்கொண்டே போகும். பெரும்பாலோர் விடுவது இந்தச் சரிவைத்தான். விட்டால் சூடு நேரே புகைபோக்கி வழியாக ஆகாயத்துக்குப் போய்விடும். புகைபோக்கியின் உயரம் தட்டின் நீளத்தைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். விறகு மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, காய்ந்து இருக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி போட வேண்டும்.

புது நீரைக் குளிராக ஊற்றினால் கொதி அடங்கிவிடும். தட்டின் ஓரத்தில் ஒரு சின்ன பாத்திரத்தில் காய வைத்து, நூல் மாதிரி விட்டுக்கொண்டிருக்கலாம். நுரை பொங்கினால் நம் ஆலையில் ஒரு சொட்டு ஆமணக்கெண்ணெய் விடுவோமே, அங்கே துளி வெண்ணெய். தட்டில் நீர்மட்டம் ஒரு அங்குலத்துக்குக் கீழே இறங்கவே கூடாது. தீயை விட்டுவிட்டு உள்ளே போய்த் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் தட்டு கருகி வளைந்துபோகும்.

கடைசிப் பதத்தை விறகில் பிடிக்க வேண்டாம். பொன்னிறம் வந்து, பெரிய குமிழ்கள் போய்ச் சின்னக் குமிழ்கள் நெருங்கி எழும்பும்போது இறக்கிவிட்டு, கேஸ் அடுப்பில் முடிக்கட்டும். அன்றைக்கே முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்து வெப்பமானியில் பார்த்துக்கொள்ள வேண்டும், இடத்துக்கும் காற்றழுத்தத்துக்கும் தக்கபடி கொதிநிலை மாறும். அதற்கு மேல் 4 டிகிரி செல்சியஸ் ஏறினால் பாகு. வெல்லம் போல 118, 120 வரை விடக் கூடாது. கரண்டியைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் தெரியும்: நீராக இருக்கும்வரை சொட்டுச் சொட்டாக விழும். பதம் வந்ததும் விளிம்பில் இரண்டு சொட்டு ஒன்று சேர்ந்து, அகலமாகத் தொங்கி, அப்புறம் மொத்தமாகக் கழன்று விழும். பதம் முந்தினால் பாட்டிலில் பூசணம், பிந்தினால் அடியில் கற்கண்டு. சூட்டோடு கம்பளித் துணியில் வடிகட்டி, 85 டிகிரிக்குக் குறையாமல் பாட்டிலில் அடைக்க வேண்டும். வடிகட்டியில் மணல் மாதிரி நிற்பது நீரிலிருந்த தாதுக்கள், பயப்பட வேண்டாம்.

கேள்வி: ஏலகிரியில் மேப்பிள் நட்டால் இப்படி நீர் இறக்கலாமா?
– வாசகர், வாணியம்பாடி

பதில்: முடியாது. ராத்திரி நீர் உறைய வேண்டும், பகலில் உருக வேண்டும். அந்த ஏற்ற இறக்கத்தில்தான் மரத்துக்குள் அழுத்தம் உண்டாகி, துளை வழியாக நீர் வரும். ஏலகிரிக் குளிர் அதற்குப் போதாது. நட்ட மரம் துளை போடும் பருமனுக்கு வரவே முப்பது, நாற்பது வருஷம் ஆகும்.

உங்கள் நிலத்தில் பனை இருந்தால் மேலே சொன்ன அதே தட்டும் அடுப்பும் பதநீருக்கு அருமையாகப் பொருந்தும். மேப்பிள் நீரைப் போலப் பல மடங்கு சர்க்கரை அதில் இருப்பதால் விறகும் நேரமும் குறைவு. கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தாலும், விடியலில் இறக்கியதை வெயில் ஏறுமுன் அடுப்பில் ஏற்றிவிடுங்கள். புளித்தால் சர்க்கரை உடைந்துபோய், எவ்வளவு காய்ச்சினாலும் கருப்பட்டி இறுகாது.