இணையப் பக்கத்தின் சிஎஸ்எஸ்ஸில் (தோற்றத்தை எழுதும் மொழியில்) பொசிஷன் ஃபிக்ஸ்ட் கொடுத்தும் பட்டன் ஸ்க்ரோலோடு சேர்ந்தே ஓடுகிறதே, ஏன்?

உங்கள் பட்டனில் பிழை இருக்காது. அதைச் சுற்றி மேல் அடுக்கில் இருக்கிற ஏதோ ஒரு டிவ்வில், அதாவது பக்கத்தின் பகுதிகளை அடக்கி வைக்கிற பெட்டியில்தான், இருக்கும். கேள்வியோடு உங்கள் கோட் எதையும் நீங்கள் போடவில்லை, ஆனாலும் அனிமேஷன் நிறைந்த ரெடிமேட் தீம் ஒன்றில்தான் வேலை செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

ஃபிக்ஸ்ட் கொடுத்தால் வியூபோர்ட்டை வைத்து, அதாவது பிரவுசரில் பக்கம் தெரிகிற அந்தச் சட்டத்தை வைத்து, எலிமென்ட் இடம் பிடிக்கும். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மேலே உள்ள ஏதாவது ஒரு எலிமென்ட்டுக்கு டிரான்ஸ்ஃபார்ம் (எலிமென்ட்டை நகர்த்த, சுழற்ற, பெரிதாக்கப் பயன்படும் கட்டளை) இருந்தால், பட்டன் வியூபோர்ட்டை விட்டுவிட்டு அதை வைத்துத்தான் இடம் பிடிக்கும். இதைத்தான் பல வகுப்புகளில் சொல்லிக் கொடுப்பதில்லை.

இலங்கை மலையகத்தில், ஹப்புத்தளையில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் ஹோம்ஸ்டே நடத்துகிறார். தளத்தை ஒரு கம்பெனி செய்து கொடுத்திருந்தது. "தம்பி, போன்ல வாட்ஸ்அப் பட்டனையே காணோம். ஆளுங்க படத்தைப் பாத்துட்டு அப்படியே போயிர்றாங்க" என்றார். அவர் போனை வாங்கி இழுத்துப் பார்த்தேன். லிப்டன் சீட் என்கிற மலைக் காட்சியிடத்தின் படங்கள், அறை வாடகை, பஸ் விபரம் எல்லாம் தாண்டி பக்கத்தின் அடியில் போய் பட்டன் ஒட்டிக்கொண்டிருந்தது. கம்பெனிக்காரர்கள் அதற்கு இசட்-இண்டெக்ஸ் 99999 போட்டிருந்தார்கள். எது முன்னால் தெரிய வேண்டும் என்பதற்குத்தான் அது, இடத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

முழுப் பக்கத்தையும் சுற்றியிருந்த டிவ், கீழிருந்து எழும்பி வருகிற அனிமேஷனோடு திறந்தது. அனிமேஷன் முடிந்த பிறகும், கடைசி நிலையைப் பிடித்து வைக்கிற ஃபார்வர்ட்ஸ் கொடுத்திருந்ததால், டிரான்ஸ்லேட்-ஒய் பூச்சியம், அதாவது மேலே கீழே நகர்த்துகிற டிரான்ஸ்ஃபார்ம், அப்படியே தங்கிவிட்டது. பூச்சியம்தானே என்று விட முடியாது. டிரான்ஸ்ஃபார்முக்கு 'நன்' (none, ஒன்றும் இல்லை) தவிர வேறு எந்த மதிப்பு இருந்தாலும் கணக்கு மாறும். பொட்டம் 16 பிக்ஸல் என்றால் அந்த நீண்ட டிவ்வின் அடியிலிருந்து 16 பிக்ஸல். பட்டனை வெளியே எடுத்து பாடிக்குள்ளேயே (முழுப் பக்கத்தையும் அடக்குகிற எலிமென்ட்), வேறு எந்த டிவ்வுக்குள்ளும் போகாமல் நேரடியாக வைத்தேன், ஸ்டைலில் ஒரு வரியும் தொடவில்லை. சரியாக நின்றது.

ஸ்க்ரோல் ஆகும்போதெல்லாம் ஜாவாஸ்கிரிப்ட்டால் நகர்த்தலாமே என்று கீழே யாராவது எழுதுவார்கள். எழுதட்டும். விலை குறைந்த போனில் அது எப்படி உதறும் என்பதை எங்கள் பக்கம் வந்து பார்த்துவிட்டு எழுதட்டும். ஸ்பெக்கை, அதாவது சிஎஸ்எஸ்ஸின் அதிகாரபூர்வ விதிகளை, முழுதாகச் சொல்லவில்லை என்பவர்களுக்கு: ஃபில்டர், பெர்ஸ்பெக்டிவ், வில்-சேஞ்சில் டிரான்ஸ்ஃபார்ம், கன்டெய்னில் பெயின்ட், இவையும் இதையே செய்யும். பிரவுசரோடு வருகிற டெவ்டூல்ஸில் (பக்கத்தின் கோடை ஆராயும் கருவி) பட்டனிலிருந்து பாடி வரை ஒவ்வொன்றாக மேலே ஏறி, கம்ப்யூட்டட் பகுதியில் இவற்றைத் தேடுங்கள். அகப்படும்.

தளம் செய்கிறவர்கள் வாசிக்கிற இடம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். முகவரிக் கட்டத்தில் வீட்டு இலக்கமும் வீதியும் கட்டாயம் என்று நட்சத்திரம் போடுகிறீர்கள். தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) வீதி ஏது? தோட்டப் பெயர், டிவிஷன் (தோட்டத்தின் உட்பிரிவு), தபால் நிலையம், எங்களுக்கு இவ்வளவுதான். கடிதமும் தோட்ட ஆபீஸுக்குத்தான் வரும். என் தங்கைக்கு வந்த நேர்முகப் பரீட்சைக் கடிதம், திகதி முடிந்த பிறகுதான் கைக்குக் கிடைத்தது. தபாலை உங்களால் திருத்த முடியாது, சரி. அந்த நட்சத்திரத்தையாவது எடுத்துவிட்டு, டிவிஷனுக்கு ஒரு கட்டம் வையுங்கள்.