ஊதாத சங்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

வில்லியம் கோல்டிங்கின் ‘லார்ட் ஆஃப் த ஃப்ளைஸ்’ நாவலைப் போன வாரம்தான் முடித்தேன். ஆளில்லாத தீவில் மாட்டிக்கொண்ட பள்ளிப் பையன்கள் சங்கை ஊதிக் கூட்டம் போடுகிறார்கள். சங்கு யார் கையில் இருக்கிறதோ அவன்தான் பேசலாம். அது ஜனநாயகத்தின் குறியீடு என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். எனக்கோ தலைவனான ரால்ஃப் முதல் தடவை ஊதியபோதே அடிவயிறு கலங்கியது. எங்கள் தெருவில் சங்குச் சத்தம் கேட்டால் சாவு. நான் தப்பாகப் படிக்கிறேனா? இன்னொன்று, பிக்கி என்ற பையனின் கிட்டப்பார்வைக் கண்ணாடியால்தான் அவர்கள் தீ மூட்டுகிறார்கள். அப்படி மூட்ட முடியுமா?

ஒரு வாசகன், திருப்புல்லாணி

அன்புள்ள தம்பி,

கண்ணாடி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். முடியாது. கிட்டப்பார்வைக்குப் போடும் குழிவில்லை வெயிலை விரிக்குமே தவிர, ஒரு புள்ளியில் குவிக்காது. கோல்டிங்கின் பிழை அது. நாவலுக்குச் சேதம் ஒன்றும் இல்லை.

சங்குக்கு வருவோம். இது இதற்குக் குறியீடு என்று சீட்டு ஒட்டியதும் நாம் அந்தப் பொருளைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம். கீழக்கரைப் பக்கம் சங்கு குளிக்கப் போகிறவர்கள் கரையில் கொட்டும் சங்கைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளையாகவா இருக்கிறது? பழுப்புத் தோல் மூடி, உள்ளே சதையும் கவிச்சியுமாக இருக்கும். சதையை எடுத்து, தோலைச் சுரண்டி, நுனியை வெட்டிய பிறகுதான் ஊதவே முடியும். அப்போதும் அது பாதிச் சங்குதான். கேட்டவர்கள் வந்தால்தான் மீதி. நாவலில் ரால்ஃப் ஊதியதும் காட்டுக்குள்ளிருந்து பையன்கள் ஒவ்வொருவராக வருகிறார்களே, அங்கேதான் அது முழுச் சங்காகிறது.

உங்கள் தெருவிலும் அப்படித்தான். என் அப்பா இறந்த அன்று, ஐந்து வருடமாக எங்களோடு பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி ஒருவர் சங்குச் சத்தம் கேட்டு வந்தார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மூங்கிலை இழுத்துப் போட்டுப் பாடை கட்ட உட்கார்ந்துவிட்டார். அவரை யாரும் கூப்பிடவில்லை. சங்குதான் கூப்பிட்டது.

அதனால்தான் பிக்கி சாகும்போது கூடவே சங்கும் சுக்குநூறாகும் இடத்தைவிட, அதற்கு வெகு முன்னால் ஐந்தாம் அத்தியாயத்தில் வரும் ஓர் இடம் என்னை அதிகம் உலுக்குகிறது. கூட்டம் கலைந்து, பையன்கள் இருட்டில் கத்திக்கொண்டு ஓடுகிறார்கள். சங்கை ஊது என்கிறான் பிக்கி. ஊதுகிற சங்கை ஊதுவோம், விடிகிறபோது விடியட்டும் என்று நாம் சொல்வோமே, கிட்டத்தட்ட அதுதான். ரால்ஃப் ஊத மாட்டேன் என்கிறான். ஊதி, அவர்கள் வராமல் போனால்? அதோடு எல்லாம் முடிந்தது. ஊதாமல் இருக்கும்வரை, ஊதினால் வருவார்கள் என்று நினைத்துக்கொள்ளவாவது முடியும். இரண்டாம் உலகப்போரில் கடற்படையில் இருந்துவிட்டு வந்து, பள்ளிக்கூட வாத்தியாராக வேலை பார்த்தபோது கோல்டிங் எழுதிய நாவல் இது, 1954இல் வந்தது. தான் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்களா என்ற பயம் அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

சங்கைப் போலத்தான் எல்லா ஏற்பாடும். நம் பாக் விரிகுடாவில் மீன்பிடிக்க விசைப்படகுக்கு வாரம் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்று ஏற்பாடு இருக்கிறது. கடலில் கோடா கிழித்து வைத்திருக்கிறது? தன் முறை இல்லாத நாளில் படகைக் கட்டிப்போடுகிறவர்கள் இருக்கும்வரை அது இருக்கும். விசைப்படகு வலையை அறுத்துக்கொண்டு போன ஒரு காலையில், நாட்டுப்படகுக்காரர் யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. பிக்கியின் கண்ணாடியைப் பறிக்க, ரால்ஃபைவிட்டுப் பிரிந்து தனிக் கூட்டம் சேர்த்த ஜாக்கின் ஆட்கள் ராத்திரியில் வந்து அடிக்கிறார்கள். சங்குக்காகத்தான் வந்தார்கள் என்று பிக்கி நினைக்கிறான். அது வைத்த இடத்திலேயே கிடக்கிறது. அவர்களுக்கு நெருப்பு வேண்டும், அதனால் கண்ணாடி வேண்டும். சங்கை ஒருவன்கூடத் தொடவில்லை. அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை படித்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்